இன்னும் ரெண்டு வாரம் இருக்கே சார்?

2024 ஏப்ரல் முதல் வாரம். குன்னூரில் என் மேசைக்கு முன்னால் நனைந்த ஸ்வெட்டரோடு ஒருவர் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த 12டி படிவம்; வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் படிவம் அது. “அம்மாவுக்கு 88 வயசு சார். எஸ்டேட் லயன் வீட்டிலேர்ந்து பூத்துக்கு அத்தனை படி இறங்க மாட்டாங்க. தபால் ஓட்டு குடுங்க.” படிவத்தில் ஒரு பிழையும் இல்லை. நாள்தான் தாண்டிவிட்டது. “ஓட்டுப் போட இன்னும் ரெண்டு வாரம் இருக்கே சார்?” என்றார்.

தேர்தல் பிரிவில் இருந்த காலமெல்லாம் கேட்ட கேள்வி இது. மக்கள் வாக்குப்பதிவு நாளைப் பார்க்கிறார்கள்; 12டிக்குக் கணக்கு தேர்தல் அறிவிக்கையிலிருந்து தொடங்குகிறது. டெல்லியில் தேர்தல் ஆணையம் தேதிகளைச் சொல்வது அறிவிப்பு. அரசிதழில் வருவதுதான் அறிவிக்கை. அந்தத் தேர்தலில் அறிவிப்பு மார்ச் 16, நமக்கு அறிவிக்கை மார்ச் 20. அதிலிருந்து 5 நாள், அதாவது மார்ச் 25-க்குள் படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்திருக்க வேண்டும். வாக்குப்பதிவோ ஏப்ரல் 19. வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளும் அறிவிக்கை நாளும் ஒன்றே என்று நினைவு வைத்தால் போதும்.

85 வயதைக் கடந்தவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் இந்த வசதி. ஊனச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். படிவத்தை பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கே கொண்டுவருவார். மலையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ இருப்பார்கள். “மகன் வந்து எழுதட்டும்” என்று பாட்டி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். மகன் வரும்போது கெடு முடிந்திருக்கும்.

தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கான படிவம் 12 வேறு. அது வாக்குப்பதிவுக்கு 7 நாள் முன்பு வந்தால் போதும். அந்த 7 நாளையும் தேர்தல் நடத்தும் அலுவலர் குறைத்து, இன்னும் தாமதமாக வரும் படிவத்தையும் ஏற்கலாம். பயிற்சி வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு, “எங்க பாட்டிக்கும் அப்படித்தானே?” என்று கேட்ட ஆசிரியர்கள் உண்டு. 12டியில் அந்த நெகிழ்வு கிடையாது. எனக்கே மனசு கேட்காத நாட்கள் இருந்தன. ஆனால் விதி அப்படி.

தாமதமானவர் ஓட்டை இழப்பதில்லை. அவர் பெயர் வாக்குச்சாவடிப் பட்டியலில் அப்படியே இருக்கும். பார்வையோ உடலோ ஒத்துழைக்காமல் தானே ஓட்டுப் போட முடியாதவர் என்றால், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பி.எல்.ஓ.விடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மகனிடமும் இதைத்தான் சொன்னேன்; முகம் கடுகடுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

நான் அதிகம் பயப்படுவது விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்களைப் பற்றித்தான். பட்டியலில் பெயருக்கு எதிரே ‘பிபி’ (போஸ்டல் பேலட், தபால் ஓட்டு) என்று குறித்துவிட்டால் பூத்தில் ஓட்டுப் போட முடியாது. ஓட்டு வாங்கும் குழு வீட்டுக்கு இரண்டு முறைதான் வரும். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றில் அப்படிக் குறிக்கப்பட்ட ஒரு பாட்டி, இரண்டு முறையும் கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாக்குப்பதிவன்று பேரன் ஜீப்பில் அழைத்து வந்தான். சால்வையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக உள்ளே வந்தார். திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.