கோழிக்கடை டிரம்மிலிருந்து தீவன மூட்டை வரை: என்ன விதி, என்ன கடன்?

எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் நீல டிரம் நிறைந்துவிடும். இறகு, குடல், தலை, கால், தோல். உயிரோடு 2 கிலோ இருக்கும் பிராய்லரை உரித்து வெட்டிக் கொடுத்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிரம்முக்குத்தான் போகிறது. ஆட்டுக்கறிக் கடையில் இந்தத் தொல்லை குறைவு. தலை, கால், குடல், சுவரொட்டி, ரத்தம் என்று எல்லாவற்றுக்கும் நம் அடுப்படியில் ஒரு குழம்போ பொரியலோ இருக்கிறது. கோழி இறகுக்கு எந்தப் பாட்டியும் இன்னும் குழம்பு கண்டுபிடிக்கவில்லை.

அந்த டிரம் இரவில் எங்கே போகிறது என்று கடைக்காரரைக் கேட்டால், "வண்டி வந்து எடுத்துக்கும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். சில வண்டிகள் ஏரிக்கரையில் கொட்டுகின்றன. சில, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்க்கும் குட்டைகளுக்குப் போகின்றன. கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வந்து கொட்டிவிட்டுப் போகும் லாரிகளைப் பற்றி எல்லை மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்படி இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு அரசு வட்டிச் சலுகையோடு கடனும் கிடைக்கிறது. ஆனால் கடனுக்கு ஓடும் முன் தொழிலையும் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தொழிலின் பெயர் ரெண்டரிங். பெயர்தான் புதிது, வேலை பழையது. நீராவி சூழ்ந்த பெரிய இரும்புக் கொப்பரையில் கழிவைப் போட்டு, கிளறிக்கொண்டே சில மணி நேரம் வேகவைப்பார்கள். கிருமி சாகும், தண்ணீர் ஆவியாகும், கொழுப்பு உருகிப் பிரியும். கொழுப்பை வடித்து, மீதியைச் செக்கில் பிழிந்து அரைத்தால் பழுப்பு நிறத் தூள். கோழிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், 100 கிலோ போட்டால் சுமார் 20 முதல் 25 கிலோ தூள் வரும், கொழுப்பு தனி. தூளில் பாதிக்கு மேல் புரதம். மீன் தீவனத்துக்கும் நாய், பூனை உணவுக்கும் இது நல்ல சரக்கு.

இறகு மட்டும் தனி ரகம். அதில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு என்று சொல்லி யாராவது விற்க வந்தால் அவசரப்படாதீர்கள். அது கெரட்டின், நம் நகத்திலும் முடியிலும் இருப்பது. அப்படியே அரைத்துப் போட்டால் எந்தப் பிராணிக்கும் செரிக்காது. அழுத்த நீராவியில் வேகவைத்து அதன் பிணைப்பை உடைத்தால்தான் தீவனமாகும். ஆய்வகச் சீட்டில் புரத அளவு நன்றாகத்தான் தெரியும். செரிமான அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, விதிக்கு வருவோம். இந்தத் தூளை யாருக்கு ஊட்டலாம், யாருக்கு ஊட்டக்கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இப்படிச் சொல்கிறது: பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் பிராணிகளில் கோழி, பன்றி, மீன் தவிர மற்றவற்றுக்கு, மாட்டினத்திலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்த இறைச்சித் தூள், எலும்புத் தூள், உள்ளுறுப்பு, ரத்தத் தூள், திசு எதுவும் சேர்ந்த தீவனத்தைக் கொடுக்கக்கூடாது. பாலும் பால் பொருளும் மட்டும் விலக்கு. ஆக, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தொட்டிக்கு இவை போகக்கூடாது. கடையில் விற்கும் தீவனம் இந்தியத் தர அமைவனத்தின் தரத்துக்கு உட்பட வேண்டும் என்பதும் ஆணையத்தின் நிலைப்பாடு. மாட்டுத் தீவனத்துக்கான தர எண் ஐ.எஸ். 2052, கோழித் தீவனத்துக்கு ஐ.எஸ். 1374.

புல் தின்னும் மாட்டுக்குப் போய் யாராவது இறைச்சித் தூள் வைப்பார்களா என்று நமக்குத் தோன்றும். பிரிட்டனில் வைத்தார்கள். 1986-இல் அங்கே மாடுகள் தள்ளாடி விழும் புது நோய் கண்டறியப்பட்டது. 'பைத்திய மாட்டு நோய்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதியது அதைத்தான். மாட்டுக் கழிவிலிருந்து எடுத்த தூளை மாட்டுக்கே ஊட்டியதால் அது பரவியது. அந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அல்ல, உருக்குலைந்த ஒரு புரதம். வழக்கமான வேகவைப்பில் அது முழுதாக அழிவதில்லை. 1988-இல் பிரிட்டன் மாட்டுக்கு அந்தத் தூளைத் தடை செய்தது. 1996 மார்ச்சில், அது மனிதருக்கும் தாவியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசே ஒப்புக்கொண்டது. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைப் பிராணிகள் எல்லாவற்றுக்கும் கதவை மூடியது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். 2013-இல் வளர்ப்பு மீனுக்குப் பன்றி, கோழிப் புரதம் அனுமதிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கோழிக்குப் பன்றிப் புரதமும், பன்றிக்குக் கோழிப் புரதமும் அனுமதிக்கப்பட்டன. தன் இனத்தைத் தனக்கே ஊட்டக்கூடாது என்ற விதி மட்டும் அங்கே இன்றும் அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் அந்த நோயின் ஆபத்து மிகக் குறைவு என்று உலக விலங்கு சுகாதார அமைப்பு 2010-இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதும் இந்த விதியின் வேலை. அமெரிக்கப் பால் பொருள் விஷயத்தில், ரத்தத் தூள் தின்ற மாட்டின் பால் வேண்டாம் என்று இந்தியா பிடிவாதமாக நிற்பதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

எனவே புதிதாக இறங்குகிறவருக்கு என் யோசனை: கோழிக் கழிவை மட்டும் எடுங்கள், மீன் தீவனத்துக்கும் செல்லப்பிராணி உணவுக்கும் கொடுங்கள். ஒரே கொப்பரையில் இன்று கோழி, நாளை மாடு என்று ஓட்டினால் மூட்டையில் என்ன இருக்கிறது என்று உங்களாலேயே சத்தியம் செய்ய முடியாது. எலும்புக்கு வேறு பாதை உண்டு. கடலூர் சிப்காட்டில் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கிறார்கள். மாத்திரை உறையாக அதை நாமே விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது கடன். மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் 'கால்நடை பராமரிப்பு உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி' 2020 ஜூனில் 15,000 கோடி ரூபாயோடு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் பால்வள நிதியையும் இதில் சேர்த்து 29,610 கோடியாக்கி, 2025-26 நிதியாண்டு வரை ஒப்புதல் தந்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் எந்த ஆண்டுவரை நடப்பில் இருக்கிறது என்பதைத் திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பெயரைக் கேட்டு இது மானியம் என்று நினைக்க வேண்டாம். இது வங்கிக் கடன்தான். வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது, அவ்வளவே. திட்டச் செலவில் 90 சதவீதம் வரை கடன் கிடைக்கும். குறு, சிறு தொழில் என்றால் கைப்பணம் 10 சதவீதம், நடுத்தரம் என்றால் 15, அதற்கு மேல் 25. தனிநபர், நிறுவனம், உழவர் உற்பத்தியாளர் அமைப்பு எல்லோருக்கும் தகுதி உண்டு. வட்டிச் சலுகை 8 ஆண்டுகள். அதில் முதல் 2 ஆண்டுகள் அசல் கட்ட வேண்டாம் என்ற அவகாசம் அடக்கம்.

ஒரு கணக்கு போடுவோம். ஆலைக்கு 80 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து 8 லட்சம், கடன் 72 லட்சம். வங்கி 10 சதவீதம் கேட்டால் உங்களுக்கு விழுவது 7. முதல் ஆண்டில் மிச்சம் 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். அசல் குறையக் குறைய இதுவும் குறையும். 10 சதவீதக் கைப்பணம் வேண்டுமானால், குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பெறும் உத்யம் பதிவு கட்டாயம் கையில் இருக்கட்டும். 2025 ஏப்ரல் முதல் முதலீடு இரண்டரைக் கோடி வரை இருந்தாலும், விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டாதவரை குறுதொழில்தான்.

அடமானம் குறைவாக இருப்பவர்களுக்காக 750 கோடியில் ஒரு கடன் உத்தரவாத நிதியும் உண்டு. கடனில் 25 சதவீதம் வரை அது பொறுப்பேற்கும். மீதி 75 சதவீதத்துக்கு மேலாளர் உங்கள் பத்திரத்தைத்தான் பார்ப்பார்.

விண்ணப்பம் உத்யமி மித்ரா என்ற இணையக் கடன் விண்ணப்பத் தளத்தில். எந்தப் பிரிவில் போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இறைச்சி பதப்படுத்துதல், தீவன ஆலை, கால்நடைக் கழிவிலிருந்து பயனுள்ள பொருள் எடுத்தல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நாம் பேசும் ஆலை கடைசிப் பிரிவுக்கு அருகில் வருகிறது. திட்ட அறிக்கையில் வெறுமனே 'கழிவு மேலாண்மை' என்று எழுதினால் உரக்கிடங்கு என்று நினைத்துவிடுவார்கள். எந்தக் கழிவு உள்ளே போகிறது, எந்தத் தீவனப் பொருள் வெளியே வருகிறது, யார் வாங்குகிறார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். துறை தகுதியைப் பார்க்கும். கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு.

கடனைவிடக் கடினமானது இடம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை ஆலை கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. கழிவு ஆறு மணி நேரம் வெயிலில் கிடந்துவிட்டால் எந்தக் கருவியாலும் நாற்றத்தை அடக்க முடியாது, தூளின் தரமும் போய்விடும். கேரளத்தில் குளிரூட்டிய வண்டியில் எடுத்து வரச் சொல்கிறார்கள். கடை உரிமத்துக்கே ரெண்டரிங் ஆலையோடு ஒப்பந்தம் கேட்கிறார்கள். எடுத்துப்போக ஆலைக்குக் கடைக்காரர் கிலோ கணக்கில் பணம் தருகிறார். அங்கே ஆலைகள் ஓடுவதற்கு அந்தக் கட்டாயம்தான் காரணம் என்பது என் கணிப்பு. நம் ஊரில் உள்ளாட்சியோடு முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளாமல் கொப்பரைக்கு ஆர்டர் கொடுத்தால், பழைய வண்டிக்காரர் உங்களுக்கு முன்பே டிரம்மைத் தூக்கியிருப்பார்.

அப்புறம், புரட்டாசி. அந்த ஒரு மாதம் கோழிக்கடையில் ஈயோட்டுவார்கள், டிரம் பாதிகூட நிறையாது. வங்கித் தவணைக்கு விரதம் கிடையாது. வேறு மாநில ஆலையின் அறிக்கையை நகலெடுத்து மாதம் 30 நாளும் ஒரே அளவு கழிவு வரும் என்று எழுதித் தரும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அளவு, மற்ற நாளுக்கு ஓர் அளவு, புரட்டாசிக்குத் தனியாக ஓர் அளவு போட்டு எழுதச் சொல்லுங்கள்.