ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன்

சர்வர் பழுது என்று அழைப்பு வந்தால், புறப்படுவதற்கு முன்பே நான் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்பேன். திரையில் கடைசியாக என்ன தெரிந்தது? முன்பக்கத்தில் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது? பெரும்பாலும் வரும் பதில், "கவனிக்கவில்லை சார், நாலைந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிட்டோம்" என்பதுதான். வேலை நின்றுபோன பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால், சாகக் கிடக்கும் வன்தட்டுக்கு (ஹார்ட் டிஸ்க்) ஒவ்வொரு மறுதொடக்கமும் ஒரு புதிய சுமை. திரையில் நின்ற பிழைச்செய்தியும் அத்துடன் போய்விடுகிறது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால்கூட எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

சர்வரின் மதர்போர்டில், முதன்மைச் செயலியைச் சாராமல் இயங்கும் ஒரு சிறிய கண்காணிப்புச் சில்லு உண்டு. டெல் சர்வர்களில் இதை ஐடிராக் என்றும், எச்பிஇ சர்வர்களில் ஐலோ என்றும் அழைக்கிறார்கள். சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகப்பட்டிருக்கும் வரை இது விழித்திருந்து, விசிறி நின்றது, நினைவகத்தில் பிழை வந்தது, மின்சாரம் அறுந்தது என ஒவ்வொன்றையும் நேரத்துடன் குறித்து வைக்கிறது. எனவே, திருகாணியைத் தொடுவதற்கு முன் இந்தப் பதிவேட்டைத்தான் படிக்க வேண்டும். படிக்கும்போது கடிகாரத்தைச் சரிபார்ப்பது அவசியம். பல இடங்களில் இது உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருப்பதால், நம் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். இதை அறியாமல், நள்ளிரவுப் பழுதுக்கான காரணத்தை மாலை ஆறரை மணிக்கு நடந்தவற்றில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வன்தட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈடுசெய்ய முடியாத இழப்பு அங்கேதான் நேர்கிறது. சாட்டா என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த தட்டுகள் தம் உடல்நிலையை 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தாமே கணக்கு வைத்துக்கொள்கின்றன. அதில் 5-ஆம் எண் பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளையும், 197-ஆம் எண் படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகளையும் காட்டும். இவ்விரண்டும் ஏறிக்கொண்டே போனால் தட்டை மாற்றுவதில் தயக்கம் கூடாது. 199-ஆம் எண், அதாவது தரவு கடத்தும்போது நேரும் பிழைகளின் கணக்கு, மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் தட்டில் இல்லை, கேபிளிலோ இணைப்பிலோ இருக்கிறது. நல்ல தட்டுகள் பல இதனால் தூக்கி எறியப்படுகின்றன. அதே வேளையில், 'ஸ்மார்ட் நலம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி இருந்துவிடவும் முடியாது. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே பழுதாகியிருந்தன.

எந்தத் தட்டு என்று தெரிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாதபடி வைக்கும் முறைக்கு ரெய்டு 5 என்று பெயர். நான்கு தட்டுகள் கொண்ட அப்படியொரு அமைப்பில் ஒன்று ஏற்கெனவே விழுந்துவிட்ட ஒரு நிறுவனத்துக்கு, "2-ஆம் எண் தட்டைக் கழற்றுங்கள்" என்று நான் தொலைபேசியில் சொன்னேன். அந்தச் சர்வரில் எண்கள் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. 2 என்பது இடமிருந்து மூன்றாவது தட்டு. அங்கிருந்தவர் நலமாக இருந்த இரண்டாவதைக் கழற்றினார். ரெய்டு 5 ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் என்பதால் முழு அமைப்பும் அக்கணமே வீழ்ந்தது. முந்தைய இரவின் காப்புப்பிரதி இருந்ததால் தரவு மீண்டது. ஆனாலும் ஒரு நாள் கணக்கை ஊழியர்கள் மறுபடி கையால் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் தவறு கழற்றியவருடையது அல்ல, என்னுடையது. அன்றிலிருந்து தட்டின் விளக்கை மின்னச் செய்து, அதன் சீரியல் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கழற்றச் சொல்கிறேன். புதிய தட்டைச் செருகுவதற்கு முன் காப்புப்பிரதி எடுப்பதும் கட்டாயம். புதிய தட்டில் தரவை நிரப்பும் மறுகட்டமைப்பின்போது எஞ்சிய தட்டுகள் முழுவதும் படிக்கப்படுவதால், அவற்றில் மறைந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படும்.

நினைவகத்துக்கு வருவோம். சர்வர்களில் உள்ள ஈசிசி எனும் பிழைதிருத்தும் ரேம், தரவுடன் சில பிட்களைக் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும். இரண்டு பிட் பிழையைப் பொதுவாகக் கண்டறியும், திருத்தாது. திருத்தப்பட்ட பிழை பயனாளருக்குத் தெரிவதே இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. எப்போதோ ஒருமுறை வந்தால் பொறுக்கலாம். ஒரே ஸ்லாட்டிலிருந்து (ரேம் செருகும் இடம்) நாள்தோறும் வந்தால் அந்த ரேமைச் சோதிக்க வேண்டும். சர்வரை முறைப்படி அணைத்து, மின்கம்பியையும் உருவிவிட்டு, அதை வேறொரு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிழையும் கூடவே போனால் ரேம் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் அந்த ஸ்லாட்டையோ செயலியின் சாக்கெட்டையோ பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.

சூடாகிறது என்று மேல்மூடியைத் திறந்து வைத்து, மேசை விசிறியைத் திருப்பிவிடும் வழக்கம் தவறானது. முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும் வழி மூடியால்தான் உருவாகிறது; திறந்தால் செயலிக்கும் ரேமுக்கும் காற்று முறையாகச் செல்லாது.

எந்தப் பிழையும் பதியாமல் இயங்குதளத்தின் பதிவு பாதியில் அறுந்து, அடுத்த வரியே புதிய தொடக்கமாக இருந்தால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சர்வரின் பின்பக்கம் போய் இரண்டு பவர் சப்ளைகளின் விளக்குகளையும் பாருங்கள். ஒன்று மாதக்கணக்கில் செத்துக் கிடக்க, மற்றது தனியாகச் சுமந்துகொண்டிருக்கலாம். இரண்டும் நலமாக இருந்தால் கம்பிகளைக் கையால் தொடர்ந்து சென்று பாருங்கள். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில், சில இடங்களில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போய் முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது ஒன்று அணைந்தால் இரண்டும் சேர்ந்தே அணைந்துவிடும்.