பின்னால் ஒருவரா, இருவரா? சேஃப்டியின் வேலை மாறுவது இங்கேதான்

அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுப்பு அணியின் கடைசிக் காவலாகப் பின்னால் நிற்பவர் சேஃப்டி. சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு சேஃப்டிகளை எடுத்தது. முதல் சுற்றில் ஏர்ல் தாமஸ், ஐந்தாவது சுற்றில் கேம் சான்ஸ்லர். தாமஸ் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, பந்து எங்கே போகப்போகிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர ஆள் கிடையாது. சான்ஸ்லர் ஆறடி மூன்று அங்குலம், எடை நூறு கிலோவுக்கு மேல். ஒவ்வொரு ஆட்டமும் (பந்து நகர்ந்து மறுபடி நிற்கும் வரையிலான ஒரு முயற்சி) தொடங்கும்போது ஒருவர் பதினைந்து யார்டு பின்னால் தனியாக நிற்பார், இன்னொருவர் தடுப்பின் நடு வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பட்டியலில் இருவரும் சேஃப்டி என்றுதான் இருக்கும். செய்யும் வேலையோ வேறு வேறு, அதை முடிவு செய்வது அணி ஆடும் கவரேஜ், அதாவது பாஸைத் தடுக்க ஆட்களை நிறுத்தும் திட்டம்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுப்பு அணிக்கு 11 பேர். அதில் நான்கு பேர் பந்தை வீசும் குவாட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்கிறார்கள் என்றால் மீதி ஏழு பேர். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடக்கூடிய ரிசீவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர்தான். ஆக இரண்டு ஆள் கூடுதலாக இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரை எங்கே வைப்பது? கவரேஜ் பற்றிய பேச்சு முழுவதும் கடைசியில் இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்கும். இருவரையும் பின்னால் வைத்தால் நீளமான பாஸுக்குப் பயமில்லை, ஆனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டத்தைத் தடுக்க முன்னால் ஆள் குறையும். ஒருவரை முன்னால் கொண்டுவந்தால் ஓட்டம் அடங்கும், அப்புறம் பின்னால் இருக்கும் அந்த ஒரே ஆள்தான் மைதானத்தின் அகலம் முழுவதற்கும் பொறுப்பு.

அந்த அகலம் 160 அடி, அதாவது 53 யார்டுக்குக் கொஞ்சம் மேல். கவரேஜின் பெயரில் உள்ள எண், ஆழத்தில் காவல் நிற்பவர்களின் எண்ணிக்கை. கவர் 3 என்றால் ஆழத்தில் மூன்று பேர், ஆளுக்குச் சுமார் 18 யார்டு. கவர் 2 என்றால் ஆளுக்கு 27 யார்டு கிட்ட. கவர் 4 என்றால் 13 யார்டுதான். கவர் 1-இல் மற்றவர்கள் எல்லாம் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ள, நடுவில் ஒரே ஒருவர் காவல். கவர் 0-இல் அந்த ஒருவரும் கிடையாது, சேஃப்டியும் ஒரு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான், கால் தடுக்கினால் டச்டவுன், அதாவது எதிரணிக்குப் புள்ளிகள்.

நடுவில் தனியாக நிற்பவரின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நடுவிலிருந்து ஓரக் கோடு வரை கிட்டத்தட்ட 27 யார்டு. நல்ல வேகமுள்ள சேஃப்டி முழு ஓட்டத்தில் நொடிக்கு 9 யார்டு ஓடுவார், ஆனால் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தவர் திரும்பி அந்த வேகத்தை எட்டவே நேரம் பிடிக்கும். நீளமான பாஸ் காற்றில் இருப்பது இரண்டு, இரண்டரை நொடி. பந்து கையை விட்ட பிறகு கிளம்பினால் ஓரத்துக்குப் போய்ச் சேரவே முடியாது. அதனால் பந்து கிளம்புவதற்கு முன்பே அவர் கிளம்பியாக வேண்டும், குவாட்டர்பேக்கின் கண், தோள் திரும்பும் விதம், கால் வைக்கும் திசை, ரிசீவர்கள் ஓடும் கோடுகள், எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து. இது நல்ல குவாட்டர்பேக்குகளுக்கும் தெரியும். வேண்டுமென்றே இடப்பக்கம் பார்த்து சேஃப்டியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு வலப்பக்கம் வீசுவார்கள். கவர் 3-க்கு எதிராக நான்கு பேரை நேராக ஓட விடுவது இதற்காகத்தான். ஓரத்தில் ஓடும் இருவரை, ஓரங்களில் நிற்கும் தடுப்பு வீரர்களான கார்னர்பேக்குகள் பார்த்துக்கொள்வார்கள், உள்ளே ஓடும் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அந்த ஒரே சேஃப்டி.

இதில் கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆட்டம் தொடங்கப் பந்தை வைப்பது ஹேஷ் கோடுகளுக்கு இடையேதான். என்எஃப்எல் மைதானத்தில் அந்தக் கோடுகளுக்கு இடையே பதினெட்டரை அடிதான், அதனால் ஒவ்வொரு ஆட்டமும் ஏறக்குறைய நடுவிலேயே தொடங்கும். கல்லூரியில் அது 40 அடி. பந்து ஒரு ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் பெரிய வெளியாகவும் ஆகிவிடும், சேஃப்டி நிற்கும் இடமும் அதற்கேற்ப மாறும். கல்லூரியில் நடுவில் நின்று பழகிய ஒருவரை என்எஃப்எல்லில் அதே இடத்தில் அப்படியே வைத்துவிட முடியாது.

சரி, சியாட்டிலுக்கு வருவோம். அவர்கள் அதிகம் ஆடியது கவர் 3-உம் கவர் 1-உம். தாமஸ் நடுவை நம்பகமாகப் பார்த்துக்கொண்டதால்தான் சான்ஸ்லரை, முன்னால் நிற்கும் ஏழு பேரோடு எட்டாவது ஆளாக இறக்க முடிந்தது. ஓட்டத்தை நிறுத்துவது, டைட் எண்டை (முன்வரிசை ஓரத்தில் நிற்கும் பெரிய உடல்வாகு ரிசீவர்) முட்டி நிறுத்துவது, குறுக்கே ஓடிவரும் ரிசீவர்களுக்குப் பயம் காட்டுவது, எல்லாம் அவர் பொறுப்பு. 2013 சீசனில் டென்வர் பிராங்கோஸ் 606 புள்ளிகள் எடுத்து என்எஃப்எல் சாதனை படைத்திருந்தது, அதன் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் 55 டச்டவுன் பாஸ் வீசியிருந்தார். 2014 பிப்ரவரியில் நடந்த, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அந்த அணியை சியாட்டில் 43-8 என்று நொறுக்கியது. ஆரம்பத்திலேயே குறுக்கே ஓடிய டென்வர் ரிசீவர் டெமரியஸ் தாமஸை சான்ஸ்லர் இடித்துத் தள்ளியதும், முதல் கால் பகுதியிலேயே மேனிங்கின் பாஸ் ஒன்றைப் பறித்ததும் பலருக்கு நினைவிருக்கும். என் கணிப்பில் அந்த இரண்டுக்கும் பாதி உரிமை பின்னால் நின்ற ஏர்ல் தாமஸுக்குச் சேரும், ஏனென்றால் அவர் அங்கே இல்லாவிட்டால் சான்ஸ்லர் இங்கே நின்றிருக்க முடியாது.

கவர் 2-இல் கதை வேறு. இங்கே சேஃப்டிகள் இருவரும் சமம், ஆளுக்குப் பாதி மைதானம். கார்னர்பேக்குகள் பின்னால் ஓட மாட்டார்கள், முன்னாலேயே நின்று முதல் ஐந்து யார்டுக்குள் ரிசீவரைத் தட்டித் தடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். என்எஃப்எல் விதி அதற்கு மேல் தொட விடாது. அந்தத் தட்டலில் கிடைக்கும் அரை நொடிதான் சேஃப்டிக்குப் பிழைப்பு, கார்னர் அதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் பழி என்னவோ சேஃப்டி மேல்தான் விழும். இந்த அமைப்பில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, கார்னருக்குப் பின்னால், சேஃப்டிக்கு முன்னால், ஓரக் கோட்டை ஒட்டி. இன்னொன்று, இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே நட்டநடு ஆழம். டம்பா பே அணியில் பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்டி கிஃபினும் நடு லைன்பேக்கரைப் பின்னோக்கி ஓட வைத்து அந்த இரண்டாவது ஓட்டையை அடைத்தார்கள், அதற்கு டம்பா 2 என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2003 ஜனவரி சூப்பர் பவுலில் அந்த அணி ஓக்லாந்து ரெய்டர்ஸை 48-21 என்று வென்றபோது இரண்டு பாஸ்களைப் பறித்து ஆட்டநாயகன் ஆனவர் டெக்ஸ்டர் ஜாக்சன், ஒரு சேஃப்டி.

எனக்கு மிகவும் பிடித்தது கவர் 4. பாதுகாப்பான ஆட்டம் என்று சொல்வார்கள், சேஃப்டியின் மூளைக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு யார்டில் நின்றபடி, ஓரத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் ரிசீவரைப் பார்க்க வேண்டும். அவர் நேராக ஆழத்துக்கு ஓடினால் கூடவே போக வேண்டும். அவர் சீக்கிரமே வெளியே வளைந்தால் அவரை விட்டுவிட்டு ஓரத்து ரிசீவருக்கு உள்பக்கம் போய் உதவ வேண்டும். அவர் பிளாக் செய்யத் தொடங்கினால், அதாவது தடுப்பு வீரரை உடலால் மறித்தால், அது ஓட்டம், உடனே முன்னால் பாய்ந்து ஓடுபவரை மடக்க வேண்டும். ஒரு நொடிக்குள் மூன்று வேலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிரணிக்கும் இது தெரியும், அதனால் பிளாக் செய்வது போலக் காட்டி, ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பது போலக் கொடுத்து, சேஃப்டி இரண்டு எட்டு முன்னால் வைத்ததும் அவர் தலைக்கு மேல் வீசிவிடுவார்கள்.

2018-இல் கான்சாஸ் சிட்டி அணியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 50 டச்டவுன் பாஸ் வீசிய பிறகு பல அணிகள் சேஃப்டிகள் இருவரையும் பின்னால் நிறுத்தித் தொடங்கும் பழக்கத்துக்கு வந்தன. இந்த வழியில் பெரிய பெயர் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோ. பந்து நகரும் வரை இருவரும் ஒரே மாதிரி நிற்பார்கள், நகர்ந்த பிறகுதான் ஒருவர் நடுவுக்குச் சுழல்வார், இன்னொருவர் முன்னால் இறங்குவார், சில சமயம் இருவரும் அப்படியே பின்னால் தங்குவார்கள். குவாட்டர்பேக் முன்கூட்டியே படித்து வைத்தது எதுவும் உதவாது. 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஃபேன்ஜியோவின் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், குவாட்டர்பேக்கைப் பிடிக்கக் கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பவில்லை. நான்கு பேரை வைத்தே மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள், பாதி ஆட்டத்தில் 24-0, முடிவில் 40-22. முன்னால் நான்கு பேர் போதும் என்றால் பின்னால் ஏழு பேர் முழுதாக மிஞ்சுகிறார்கள்.

இந்த முறை பரவியதில், தாமஸ் வேலைக்கு ஒருவர், சான்ஸ்லர் வேலைக்கு ஒருவர் என்று பிரித்து வைப்பது கடினமாகிவிட்டது. யார் சுழல்வார் என்பது எதிரணிக்குத் தெரியக்கூடாது என்றால் இருவருக்குமே இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சேஃப்டிகளை இன்னமும் பறித்த பாஸ்களை வைத்து எடை போடுகிறார்கள், இது எனக்கு வருத்தம்தான். நடுவில் ஒருவர் சரியாக நின்றால் குவாட்டர்பேக் அங்கே வீசவே மாட்டார், வீசாத பாஸுக்குப் புள்ளிவிவரத்தில் இடமில்லை. டிவி கேமராவும் பந்தைச் சுற்றியே இருப்பதால் ஆழத்தில் நிற்பவர்கள் பல சமயம் திரைக்கு வெளியே போய்விடுகிறார்கள். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் படத்தை என்எஃப்எல் 2012-இல் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டது. சேஃப்டிகளைப் பற்றி வாதாடுவதற்கு முன் ஒரு ஆட்டத்தையாவது அதில் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு பின்னால் நிற்கும் இருவரை மட்டும்.