கனமான வண்டி வாங்கினால் அமெரிக்காவில் எவ்வளவு வரிக்கழிவு கிடைக்கும்?

அமெரிக்காவில் சொந்தத் தொழில் நடத்துகிறவர்களிடையே டிசம்பர் வந்தாலே ஒரு பேச்சு அடிபடும்: பெரிய எஸ்.யூ.வி. ஒன்று வாங்கிவிட்டால் முழு விலையையும் கணக்கில் கழித்துவிடலாம் என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கழிவது வருமானத்திலிருந்துதான், கட்டவேண்டிய வரியிலிருந்து அல்ல. இது புரியாமல் கடனில் வண்டி எடுத்தால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் எடை. சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் தேய்மானம் (வண்டி பழசாகி மதிப்புக் குறைவதற்கான கழிவு) கழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2025-ல் வாங்கிய காருக்கு முதல் ஆண்டில் அதிகபட்சம் 20,200 டாலர். வேன், பிக்கப், எஸ்.யூ.வி. வகைகளில் ஜி.வி.டபிள்யூ.ஆர். 6,000 பவுண்டைத் தாண்டினால் இந்த வரம்பு கிடையாது. ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது வண்டியின் வெறும் எடை அல்ல. ஆளும் சரக்கும் ஏற்றிய நிலையில் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த எண் இருக்கும். ஒரே மாடலிலேயே இஞ்சினைப் பொறுத்து இது மாறும் என்பதால், விற்பனையாளர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஸ்டிக்கரைப் பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பிரிவில் கழிப்பது. தொழிலுக்கு வாங்கும் பொருளின் விலையை, ஒரு வரம்புக்குள், அந்த ஆண்டிலேயே கழிக்க வரிச்சட்டத்தின் 179-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. 2003-ல் அந்த வரம்பை 1,00,000 டாலராக உயர்த்தியபோது, சொகுசு எஸ்.யூ.வி.கள்கூட அதில் நுழைந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் 2004-ல் எஸ்.யூ.வி.க்கு மட்டும் 25,000 டாலர் என்று கட்டுப்பாடு போட்டார்கள்; 2025-க்கு அது 31,300. சரக்குப் பகுதி 6 அடி நீளமுள்ள பிக்கப்புக்கும், டிரைவருக்குப் பின்னால் இருக்கையே இல்லாத சரக்கு வேனுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்புறம், எஸ்.யூ.வி.யில் மிஞ்சும் தொகைக்குப் போனஸ் தேய்மானம் இருக்கிறது, அதாவது பல ஆண்டுகளில் கழிக்கவேண்டியதில் ஒரு பங்கை முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். 2023-லிருந்து படிப்படியாகக் குறைந்துவந்த அதை, 2025 ஜூலையில் வந்த சட்டம் மறுபடி 100 சதவீதம் ஆக்கியது. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு இது பொருந்தும்; பழைய வண்டியானாலும் சரி, நீங்கள் முன்பு பயன்படுத்தியதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80,000 டாலர் எஸ்.யூ.வி., தொழிலுக்கு 75 சதவீத ஓட்டம். கழிக்கக்கூடியது 60,000. உங்கள் வரி விகிதம் 24 சதவீதம் என்றால் வருமான வரியில் மிச்சமாவது 14,400. மீதி 65,600 டாலர் உங்கள் பணம்தான். பிறகு அந்த வண்டியை 40,000-க்கு விற்றால், தொழில் பங்கின் விலை ஏற்கெனவே முழுதும் கழிந்துவிட்டதால், அந்தப் பங்குக்கு வரும் 30,000 அந்த ஆண்டு வருமானமாகச் சேர்ந்துவிடும். வண்டி உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு இது நல்ல சலுகை. வரிக்காக மட்டுமே வாங்குகிறவருக்கு நஷ்டம்.

கடனில் வாங்கினாலும் முழுக் கழிவு உண்டு, லீசுக்கு எடுத்தால் இல்லை. டிசம்பர் 31-க்குள் பணம் கட்டினால் மட்டும் போதாது, வண்டி கைக்கு வந்து தொழிலுக்குத் தயாராக இருக்கவேண்டும். 179-ஆவது பிரிவுக் கழிவு தொழில் வருமானத்தைத் தாண்ட முடியாது, மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்குப் போகும். சம்பளக்காரர்களுக்கு இது எதுவும் இல்லை. மாநில வரி வேறு கதை: கலிபோர்னியா போனஸ் தேய்மானத்தை ஏற்பதே இல்லை.

பலர் அலட்சியமாக விடுவது ஓட்டக் கணக்கைத்தான். தொழில் ஓட்டம் பாதிக்கு மேல் இருந்தாகவேண்டும், அதுவும் முதல் ஆண்டில் மட்டுமல்ல. தேய்மானக் காலம் முடிவதற்குள் 50 சதவீதமாகவோ அதற்குக் கீழோ இறங்கினால், கூடுதலாகக் கழித்ததை மறுபடி வருமானத்தில் சேர்த்து வரி கட்டச் சொல்வார்கள். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது சொந்த ஓட்டம்தான். தேதி, போன இடம், காரணம், மைல் நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். இந்தக் கழிவைக் கேட்கும் 4562 படிவத்திலேயே, தொழில் ஓட்டத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா என்று இரண்டு கேள்விகள் உண்டு.