போலீசிடம் ஒப்புக்கொண்டால் கொலை வழக்கு முடிந்துவிடுமா?

தம்புசெட்டித் தெருவில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்குப் போன வருடம் வடசென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனைப் பறிகொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நான்காக மடித்து பர்சில் வைத்திருந்த பேப்பர் கட்டிங்கை மேசையில் விரித்தார். "அவனே ஒத்துக்கினான்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க சார். அப்புறம் இன்னா சார் கேசு, வாய்தா?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொலை வழக்குகளில் நான் பார்த்தவரை, குடும்பங்கள் ஏமாந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25, 26-வது பிரிவுகளில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவாக நிற்கிறது. அடித்து வாங்கிய வார்த்தையை வைத்து ஒருவரைத் தூக்குக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடுப்பு அது. அது இருக்கத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தப்பாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பையன்களுக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஏதாவது ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கால்வாய் ஓரம் முட்புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், கூட்டிப் போனால் எடுத்துக் கொடுக்கிறேன்" என்பது செல்லும். அதே வாக்கியத்தில் "அதை வைத்துத்தான் அவனைக் குத்தினேன்" என்று இருந்தால் அது செல்லாது. 1946-இல் புலுகுரி கொட்டையா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. இன்றைக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் நாங்கள் அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் மல்லுக்கட்டுகிறோம்.

சரி, அந்தக் கத்தியை எடுத்தபோது யார் பார்த்தார்கள்? அங்கேதான் மகஜர் சாட்சிகள், அதாவது பொருளைக் கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில் கையெழுத்துப் போடுபவர்கள், வருகிறார்கள். தெருவில் போகும் யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறி "ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்பார். கத்தி மீட்பு அதோடு ஆட்டம் காணும். இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது. செல்போனில் எடுத்தாலே போதும். ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பதும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. இரண்டும் நல்ல மாற்றங்கள்.

அக்கம்பக்கத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், கண்ணால் பார்த்ததற்கு மட்டும், படித்துப் பார்த்துவிட்டு. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் உங்கள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. அதே நடைமுறைச் சட்டத்தின் 181-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வெற்றுத்தாளில் எதற்குமே வேண்டாம். சாட்சி சொல்லப் பெண்களையும் அறுபது வயது தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் நான் முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆர். நகலை. புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். ஆனால் அவர் கையில் இல்லை. முதலில் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவில் சந்தேக மரணம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவுக்கு, அதாவது கொலை வழக்காக, மாற்றியிருக்கிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நடக்கிற காரியம்தான். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்பதுதான் முக்கியம். வாங்கிய நேரத்தை அவர் அதிலேயே எழுதுவார். ராத்திரி பதிவானது மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் உட்கார்ந்து பேர்களைச் சேர்த்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். தாமதத்தால் மட்டும் வழக்கு விழாது. காரணம் சொல்ல முடியாத தாமதம் விழ வைக்கக்கூடும்.

பேச்சுவாக்கில், "எதிர்ல மெடிக்கல் ஷாப்புல கேமரா இருக்கு சார். போலீஸ் வந்து டிவியில பாத்துட்டுப் போனாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தார்கள், எடுக்கவில்லை. அந்தக் கேமராவின் பதிவுப் பெட்டியில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்தோம். உயரதிகாரிக்கு ஒரு நகல், கோர்ட்டுக்கு ஒரு நகல். மூன்றாம் நாள் பதிவை எடுத்தார்கள். பென் டிரைவில் போட்டால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே சொல்லிவிட்டது.

"நேர்ல பாத்தது ஒரே ஒரு ஆள்தான் சார், பத்துமா?" என்றும் கேட்டார். போதும். 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருவர் சொன்ன சாட்சியத்தை வைத்தே தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சாட்சியின் தரம்தான் கணக்கு, தலை எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்த ஒருவர் கோர்ட்டில் பேச்சை மாற்றி, பிறழ் சாட்சியாகிவிட்டால் என்ன செய்வது? அதனால் நடைமுறைச் சட்டத்தின் 183-வது பிரிவில் மாஜிஸ்திரேட் முன்னால் அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல்லி மனுவில் கேட்டோம். மிரட்டல் இருந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பும் கேட்கலாம்.

கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஜட்ஜை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று கோர்ட் வாசலில் அழாதீர்கள். அதே 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை போலீசுக்கு அதே சட்டத்தின் 193-வது பிரிவில் இருக்கிறது. எண்பதாவது நாள் வரை காத்திராமல் ஐம்பதாவது நாளிலேயே எழுதிக் கேளுங்கள்.

அந்த வழக்கு எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து கமிட்டல் ஆகி, அதாவது மேலே அனுப்பப்பட்டு, இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கிறது. அந்த அம்மா ஒரு வாய்தா விடாமல் வந்து பின் பெஞ்சில் உட்காருகிறார். பேப்பர் கட்டிங்கை வைத்திருந்த பர்சில் இப்போது எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்காரருக்குச் சம்மன் போயிருக்கிறது.