விரிகுடா நீரில் கரிமப்பொருள்: மாதிரி எடுத்தது எந்த மாதம்?

விரிகுடா நீர்த்தர அறிக்கை கைக்கு வந்தால் முதலில் மாதிரி எடுத்த தேதியைத்தான் பார்ப்பேன். வெள்ளக் காலத்திலும் கோடையிலும் லிட்டருக்கு ஒரே அளவு கரிமக் கார்பன் வரலாம். முன்னது ஆறு அடித்து வந்த மண்ணும் மக்கிய இலையும். பின்னது அங்கேயே விளைந்த நுண்பாசி.

வடிதாளிலேயே பாதி தெரிந்துவிடும். வெள்ள நீர் தாளில் காப்பித்தூள் நிறத்தில் படியும். பாசி பெருகிய நாட்களில் வடித்தால் பச்சையோ மஞ்சள் பழுப்போ வழவழவென்று ஒட்டி, சீக்கிரமே தாளை அடைத்துக்கொள்ளும். அடுத்து அமில ஆவி காட்டிச் சிப்பித்தூளின் சுண்ணாம்பைப் போக்க வேண்டும். அதைச் செய்யாமல், கரிமப்பொருள் எங்கிருந்து வந்தது என்று காட்டும் கார்பன்-13-ஐ (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

தரைத் தாவரங்கள் பெரும்பாலும் மைனஸ் 27 பக்கம் நிற்கும் (ஒரு பொது அளவுகோலைவிடக் கார்பன்-13 ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்பதே இந்த எண்). கடல் நுண்பாசி மைனஸ் 20 முதல் 22, கடற்புல் மைனஸ் 10-ஐ ஒட்டி. இன்னொரு தடயம், நுண்பாசியில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு ஆறேழு கார்பன் அணுக்கள். மரத்துகளில் நூற்றைத் தாண்டும். கேட்கச் சுலபம்தான். ஆனால் கரும்பும் மக்காச்சோளமும் மைனஸ் 13 பக்கம் வந்து கடற்புல் போல ஏமாற்றும். சாக்கடை நீரோ தரைக்கும் கடலுக்கும் நடுவே விழுந்து, இரண்டும் கலந்தது போலத் தோன்றும். அங்கே கொப்ரோஸ்டனால் என்ற மலக்கழிவு அடையாளத்தையும் தேடாமல் முடிவு எழுதக் கூடாது.

ஆறு கலங்கி வரும்போதுதான் புகார்கள் குவியும். அந்தக் கலங்கலில் பெரும்பங்கு களிமண்ணோடு ஒட்டியது, லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) மிகுந்தது. பாக்டீரியா அதை மெல்லத்தான் தின்னும். முகத்துவாரம் அருகிலேயே நிறைய படிந்தும்விடும். என் கவலை, கூடவே கரைந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட் என்ற உரச்சத்துகள். கலங்கல் தெளிந்து வெயில் உள்ளே இறங்கியதும் பாசி அவற்றைத் தின்று பெருகும்; செத்து அடியில் விழும், வேகமாக அழுகும். மேலே இளஞ்சூடான, உப்புக் குறைந்த நீர் மூடியிருப்பதால் அடிநீருக்குப் புது ஆக்சிஜன் இறங்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் விலகும், நகர முடியாத சிப்பிகள் சாகும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வசந்தத்தில் ஆறு கொண்டுவந்த சத்துக்குக் கோடையில் அடிநீரின் ஆக்சிஜன் குறைந்து கணக்குத் தீர்கிறது.

வறண்ட மாதங்களில் ஆறு மெலியும்; சாக்கடை குறையாது, அதன் பங்கு கூடும். காற்று வலுத்தால் அடிவண்டல் கிளறி, பழைய சரக்கு புதுவரவு போல மாதிரியில் ஏறும்.

ஆகவே வெள்ளம், அது வடிந்த பின், வறட்சி, காற்றுக்காலம் என்று குறைந்தது நான்கு முறையாவது மேல்நீரையும் அடிநீரையும் எடுங்கள். ஒப்பிட வேண்டிய இலை, பாசி, சாக்கடை மாதிரிகளை அதே விரிகுடாவிலிருந்தே சேகரியுங்கள், புத்தக எண் போதாது. ஆழம் குறைந்த இடத்தில் ஆக்சிஜனை விடியுமுன் அளங்கள். நண்பகலில் பாசியே ஆக்சிஜன் விட்டு எண்ணை உயர்த்திவிடும்.