முட்டுத்தெரு

ஒரு முனை அடைபட்ட தெருவைக் குறிக்க நகரமைப்புப் பாடங்களில் 'கல்-டி-சாக்' என்று எழுதப்படும் சொல் பிரெஞ்சு மொழிக்குரியது. 'பையின் அடி' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அது 18ஆம் நூற்றாண்டில் முதலில் உடற்கூற்றியலில்தான், ஒரு முனை மட்டும் திறந்திருக்கும் குழாயைக் குறிக்க வழங்கியது. தெருவுக்கு ஆகிவந்தது பிறகு. அச்சொல்லின் முதற்பகுதிக்குப் பிட்டம் என்ற பொருளும் உண்டு என்பதால் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை வெறுத்து, 'கடக்க இயலாதது' என்று பொருள்படும் 'அம்பாஸ்' என்ற சொல்லையே பரிந்துரைத்தார்.

தமிழில் முட்டுச்சந்து என்றால் யாருக்கும் விளங்கும். ஆனால் 'சந்து' என்றதும் இரு சுவர்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் இடுக்குதான் மனத்தில் எழுகிறது; அமெரிக்கப் புறநகரில் இருப்பதோ, தீயணைப்பு வண்டி திரும்புவதற்கென முனையில் வட்டமாக அகன்ற தார்ச்சாலை. ஆகவே திட்டமிட்டு அமைத்ததை முட்டுத்தெரு என்பதே பொருந்தும். மேலும் 'சந்து' என்பது 'சந்தி'யோடு உறவுடைய சொல். கூடுவதைச் சொல்லும் சொல்லை எங்கும் கூடாத வழிக்கு வைப்பது சற்று வேடிக்கைதான்.

ஓர் ஊரின் தெருக்கள் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்று அளப்பவர்கள், ஒவ்வொரு முனையிலும் எத்தனை வழிகள் கூடுகின்றன என்று எண்ணிச் சராசரி காண்கிறார்கள். நாற்சந்திக்கு நான்கு, முச்சந்திக்கு மூன்று, முட்டுத்தெருவின் முனைக்கு ஒன்று. அவர்கள் எண்ணும் எண்ணிக்கை நம் சொற்களிலேயே இருக்கிறது. கட்டம் கட்டமாக அமைந்த நகரில் சராசரி நான்கை நெருங்கும். மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து முடியும் குடியிருப்பில் அது இரண்டைக்கூட எட்டாது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ராட்பர்னில் நகரமைப்பாளர்கள் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் 1929இல் முட்டுத்தெருக்களை அமைத்தபோது, வண்டிக்கு மட்டுமே வழி முட்டியது. நடப்பவர்களுக்கு வீடுகளின் மறுபுறம் பூங்காவரை பாதை இருந்தது. 1930களின் நடுவிலிருந்து வீட்டுக்கடனுக்கு உறுதியளித்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகமும் முட்டுத்தெருவைப் பரிந்துரைக்கவே, மனை போட்டு விற்றவர்கள் தெருவை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். விளைவாக, கொல்லைப்புற வேலி ஒன்றே இடையிலுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, பெருஞ்சாலை வரை சென்று சுற்றிவர வேண்டியதாயிற்று. கடைக்கும் பள்ளிக்கும் கார் இல்லாமல் முடியாது.

இத்தகைய தெருக்களோடு ஊர் பரந்துகொண்டே போவதை ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரால்' என்கிறார்கள். கைகால்களைத் தாறுமாறாக நீட்டிக் கிடப்பது என்பது அச்சொல்லின் பழம்பொருள். 'நகர்ப்பரவல்' என்று தமிழாக்குவது தவறில்லை, ஆனால் அதில் கண்டிப்பு இல்லை. 'நகர்ச்சிதறல்' அந்த ஒழுங்கின்மையையும் சேர்த்துச் சொல்கிறது. அமெரிக்காவில் புதிதாகப் போடப்பட்ட தெருக்களின் பின்னல் 1990களின் நடுப்பகுதி வரை தளர்ந்துகொண்டே வந்து, பின்னர் இறுகத் தொடங்கியது என்று 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் அதற்கு முன்பே போட்ட தெருக்கள் அப்படியேதான் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம், தெருவை அப்படி மாற்ற எளிதில் முடிவதில்லை.